பம்பரின் விலை, பெட்டியின் எடை

சின்னக் கார் ஒன்றின் முன்பம்பரை ஒரே ஆள் அலுங்காமல் தூக்கிவிடலாம். நாலைந்து கிலோ இருந்தாலே அதிகம். அதையே அட்டைப்பெட்டியில் அடைத்து டெல்லியிலிருந்து சிதம்பரத்துக்குக் கூரியரில் போட்டால், கணக்கில் அது 45 கிலோ ஆகிவிடும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கூரியர் நிறுவனம் விற்பது வண்டியில் இருக்கும் இடத்தை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுக்கிறார்கள். 150, 50, 30 என்றால் பெருக்குத்தொகை 2,25,000, வகுத்தால் 45. உண்மை எடை, இந்தக் கன அளவு எடை, இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம்.

கார் சாமானை இணையத்தில் வாங்குவது பற்றிப் பேச உட்கார்ந்தால் எல்லாரும் தள்ளுபடியிலிருந்து தொடங்குகிறார்கள். பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. அப்படித் தொடங்கினால் எந்தச் சாமான் தபாலில் வரத் தகுந்தது, எது கடைக்காரர் கையால் வரத் தகுந்தது என்பது பாதி தெளிந்துவிடும். பிரேக் டிஸ்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி சின்னது, எடை ஐந்து கிலோ. அங்கே உண்மை எடை பேசும். சென்சார், ரிலே, ஏசி வால்வு போன்றவை உள்ளங்கையில் அடங்கும், விலையோ ஆயிரக்கணக்கில். அவற்றுக்கு அனுப்புச் செலவு ஒரு பொருட்டே இல்லை. பம்பர், பானட், கதவு, முன்கண்ணாடி ஆகியவை இதற்கு நேர் எதிர். சிறிய பெட்டி, பெரிய விலை என்றால் இணையம். பெரிய பெட்டி, சிறிய விலை என்றால் ஊர்க் கடை. முதல் சல்லடை இதுதான்.

இந்த வியாபாரம் இப்படி முளைத்ததற்கு ஒரு வரலாறு உண்டு. கார் கம்பெனிகள் வெகுகாலம் தங்கள் அசல் உதிரிகளை அங்கீகரிக்கப்பட்ட ஷோரூம் வழியாகத்தான் விற்றன. அந்த உதிரிகளைச் செய்து கொடுக்கும் தொழிற்சாலைகள் வெளிச்சந்தையில் விற்கவும் தடை போட்டன. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் கொடுத்த புகாரில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளில் இழுபட்டது வேறு கதை. ஆனால் உதிரி பாகம் வெளிச்சந்தையில் கிடைத்தாக வேண்டும் என்ற பேச்சு அங்கிருந்துதான் சூடுபிடித்தது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியபோது அதன் நான்கு துறைகளில் வாகனமும் ஒன்றாக இருந்தது. இன்று பூட்மோ போன்ற தளங்களில் காரின் பெயர், வருடம், இன்ஜின் கொடுத்தால் பாகம் பாகமாகப் பிரித்துக்காட்டிய படத்தோடு பார்ட் நம்பரும் விலையும் வந்து நிற்கின்றன. சிதம்பரம் பட்டறையில் நிற்கும் ஒருவர் முன்பெல்லாம் இதைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. பார்ட் நம்பர் புத்தகம் ஷோரூம் மேஜைக்குப் பின்னால் இருந்தது.

இணையம் நம் பக்கத்து ஊர்களுக்குச் செய்த பெரிய உபகாரம் இந்தப் பார்ட் நம்பர்தான் என்று நினைக்கிறேன். மலிவு அதற்கு அப்புறம்தான். கடைக்குப் போய் "ஸ்விஃப்ட்டுக்கு லிங்க் ராடு" என்றால் எந்த ஸ்விஃப்ட்? 2005, 2011, 2018, 2024 என்று நான்கு தலைமுறை இங்கே வந்துவிட்டது. ஒரே பெயர், வேறு வேறு வண்டி. பார்ட் நம்பரைச் சொல்லிக் கேட்கிறவரிடம் கடைக்காரரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் பதில் சொல்வார். அச்சிட்ட எம்.ஆர்.பி. என்ன என்று தெரிந்துகொண்டு போகிறவரிடம் வாய்க்கு வந்த விலை சொல்ல முடியாது. ஆக, ஒரு ரூபாய்க்குக்கூட வாங்காமலே இணையத்தால் லாபம் அடையலாம்.

கம்பெனியே ஊரைவிட்டுப் போன வண்டிக்காரர்களுக்கு விஷயம் இன்னும் கூர்மையானது. ஷெவர்லே 2017-ஓடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பர் 9-ஆம் தேதி இங்கே கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகரில் பிறந்த ஃபிகோவும் எகோஸ்போர்ட்டும் இன்னும் கடலூர்ச் சாலையில் நன்றாகவே ஓடுகின்றன. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு வழி மூன்று. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் தேடலாம், புதுப்பேட்டையில் கழற்றின சாமானைப் பொறுக்கலாம், இல்லாவிட்டால் இந்தியாவின் எந்த மூலையில் யார் அலமாரியில் அந்தப் பொருள் தூங்குகிறது என்று இணையத்தில் பார்க்கலாம். கடைசி வழியில் 200 ரூபாய் அனுப்புச் செலவைக் குறை சொல்கிறவர், சென்னை போய்வரும் செலவையும் ஒரு நாள் சம்பளத்தையும் கூட்டிப் பார்க்காதவர்.

இனி கணக்கின் மறுபக்கம். 1,200 ரூபாய் எம்.ஆர்.பி. உள்ள பிரேக் பேட் ஒன்று பத்து சதவீதத் தள்ளுபடியில் 1,080-க்குத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அனுப்புச் செலவு 150. ஆக 1,230. ஊர்க் கடைக்காரர் ஒரு காசு குறைக்காமல் விற்றாலும் 1,200-க்கு மேல் வாங்கச் சட்டத்தில் இடமில்லை, எம்.ஆர்.பி.க்குள் எல்லாம் அடங்கியாக வேண்டும். இணையத்தில் அனுப்புச் செலவு தனிக்கணக்காக மேலே ஏறிக்கொள்கிறது. அதே தள்ளுபடி 6,000 ரூபாய்ச் சாமானுக்கு என்றால் 600 குறைந்து 150 கூடுகிறது. அங்கே இணையம் ஜெயிக்கிறது. தள்ளுபடி சதவீதத்தில் வருகிறது, அனுப்புச் செலவு ரூபாயில் வருகிறது. விலை குறைந்த பொருளில் இரண்டாவது முதலாவதை விழுங்கிவிடும்.

கூடையில் ஐந்து சாமான் போட்டால் செலவு பகிர்ந்துபோகும் என்று நினைப்பது இன்னொரு கண்ணி. இந்தத் தளங்களில் பல வெறும் சந்தைகள். ஐந்து சாமானும் நான்கு விற்பனையாளரிடம் இருந்தால் நான்கு பார்சல், நான்கு கட்டணம். 'இவ்வளவுக்கு மேல் வாங்கினால் இலவசம்' என்ற வரியைத் தொட்டுவிட வேண்டும் என்பதற்காகவே வேண்டாத வைப்பர் பிளேடைக் கூடையில் போடுகிறவர்கள் நிறைய. இலவச டெலிவரியில் கூரியர்காரர் சும்மா வரவில்லை. அவர் கூலி பொருளின் விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வரியும் இதில் சேர்ந்துகொள்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிகள் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு முன் பெரும்பாலானவை 28-இல் இருந்தன. பொருளோடு சேர்த்து விற்பவரே வசூலிக்கும் அனுப்புச் செலவுக்கும் பொருளின் வரிவிகிதம்தான். வெளிநாட்டுத் தளத்தில் வாங்கினாலோ, சுங்கவரி கணக்கிடும் மதிப்பில் கப்பல் அல்லது விமானக் கட்டணமும் சேர்த்தே எடுக்கப்படும். இடப்பக்க ஸ்டியரிங் நாடுகளுக்காகச் செய்த ஹெட்லைட்டை அப்படி மலிவாக வரவழைத்து மாட்டிக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே வருகிறவர் கண்ணைக் குருடாக்கும் பிரகஸ்பதிகளைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

ஊர்க் கடைக்கும் சாமான் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. சென்னையிலிருந்து லாரி பார்சலிலோ பஸ்ஸிலோதான் வருகிறது. ஆனால் ஐம்பது சாமான் ஒரே கட்டாக வரும். பம்பர்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகி வரும். ஒவ்வொன்றின் தலையிலும் விழும் வாடகை சொற்பம். ஒற்றைப் பம்பரைத் தனிப் பெட்டியில் வரவழைக்கிறவர் அந்தக் கூட்டு வாடகையின் சலுகையை விட்டுக்கொடுக்கிறார். ஒரு சாமானின் பின்னே ஓடும் தனி வண்டிக்கும், ஊருக்கே ஓடும் பொது வண்டிக்கும் உள்ள வித்தியாசம் இது.

கடையின் இன்னொரு பலம் எந்தத் தளத்திலும் தெரியாது. பம்பரை இணையத்தில் வாங்கியவர் கிளிப்பை மறந்திருப்பார். அது பத்து இருபது ரூபாய்ச் சமாச்சாரம். அது இல்லாமல் பம்பர் நிற்காது. நம் கடற்கரையில் உப்புக்காற்று வேறு. தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டைப் பக்கம் ஓடும் வண்டியில் லோயர் ஆர்மைக் கழற்றப் போனால் போல்ட் துருப்பிடித்து முறியும், புஷ் நைந்திருக்கும். கழற்றின பிறகுதான் எத்தனை சாமான் வேண்டும் என்றே தெரியும். கடை மேடையில் நிற்கும் அனுபவசாலி, கேட்காமலே போல்ட்டையும் கிளிப்பையும் எடுத்து வைப்பார். ஸ்விஃப்ட் டீசலிலும் இண்டிகா விஸ்டாவிலும் புன்டோவிலும் இருந்தது ஒரே 1248 சிசி ஃபியட் இன்ஜின் என்பது அவர் மண்டையில் இருக்கிறது. தளத்தில் மூன்று கம்பெனியும் மூன்று தனித்தனிப் பக்கம்.

அந்த அனுபவசாலிகளின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. பில் கேட்டால் முகம் சுளிப்பது, லோக்கல் சாமானைக் கம்பெனி சாமான் என்று கட்டிவிடுவது, தன்னிடம் இல்லாததை "அது இப்ப வர்றதே இல்லைங்க" என்று முடித்துவைப்பது, மெக்கானிக்குக்குக் கொடுக்கும் கமிஷனை வாடிக்கையாளர் தலையில் ஏற்றுவது எல்லாம் நடக்கிறவைதான். இணையத்தில் வாங்கினால் வரிப் பில் உண்டு, விற்பவர் பெயர் உண்டு, எந்த நாட்டில் செய்தது என்ற விவரம் உண்டு. இந்த ஒழுங்கு கடைக்காரர்களை உறுத்துகிறது என்றால், உறுத்தட்டும்.

ஆனால் பட்டறையில் கேட்கும் ஒரு வாக்கியத்துக்கு இணையத்திடம் பதில் இல்லை: "சாமானை நீங்களே வாங்கிட்டு வந்துட்டீங்க சார், மாட்டித் தர்றேன். அப்புறம் சத்தம் வந்தா என்னைக் கேக்காதீங்க." மெக்கானிக் கமிஷன் போச்சே என்ற வருத்தத்தில் பேசுகிறார் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் வாங்கின சாமான் தோற்றால் மாற்றித் தருவது அவர் பாடு, கூலியும் கேட்க மாட்டார். நாம் கொண்டுவந்தது தோற்றால் தளம் பொருளுக்கு மட்டும் பணம் தரலாம். மாட்டிக் கழற்றின கூலி நம்முடையது. மாட்டின தடம் இருந்தால் திருப்பியே எடுக்காத விற்பனையாளர்களும் உண்டு.

நாட்கணக்கும் காசுதான். சிதம்பரம் கோயிலுக்கும் பிச்சாவரத்துக்கும் சவாரி ஓட்டும் டாக்சிக்காரருக்கு வண்டி மூன்று நாள் நின்றால், 400 ரூபாய் மிச்சம் பிடித்ததற்கு அர்த்தமே இல்லை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் காரை எடுக்கும் ஓய்வூதியக்காரருக்கு அதே மூன்று நாள் ஒரு இழப்பும் இல்லை. ஒருவருக்கு வீணான செலவு மற்றவருக்குச் சிக்கனம். இதில் பொது விதி கிடையாது. ஃபெஞ்சல் புயலுக்குப் பின் 2024 டிசம்பர் முதல் வாரத்தில் தென்பெண்ணை கடலூருக்குள் புகுந்தபோது, தண்ணீர் குடித்த வண்டிகளுக்கு ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் ஒரே நேரத்தில் தேவைப்பட்டன. அதே நாட்களில் சென்னை–விழுப்புரம் ரயில் தடமும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் வெள்ளத்தில் சிக்கின. நம் மாவட்டத்துக்கு இது புதிதும் இல்லை. 2011 தானே புயல், 2015 வெள்ளம் எல்லாம் பார்த்தவர்கள்தான். அப்படிப்பட்ட வாரத்தில் கைகொடுப்பது ஊரில் ஏற்கெனவே அலமாரியில் இருக்கும் சாமான் மட்டுமே. எல்லாரும் சின்னப் பெட்டி, பெரிய விலைச் சாமானை வெளியே வாங்கிக்கொண்டு, கிளிப்புக்கும் போல்ட்டுக்கும் மட்டும் கடைக்குப் போனால் அந்த அலமாரி எத்தனை நாள் நிற்கும் என்பதையும் நான் சொன்ன சல்லடைக்கு எதிரான வாதமாக வைக்கலாம். எனக்கு அதற்கு முழுப் பதில் இல்லை. தேடிப் பார்த்த பார்ட் நம்பரோடு முதலில் ஊர்க் கடையில் கேட்டுவிட்டு, அவர் இரண்டு நாளில் வரவழைத்துத் தருவாரா என்று பார்த்து, அதன் பிறகு இணையத்துக்குப் போவது நியாயமாகப் படுகிறது. பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்டதை முகம் தெரியாத விற்பனையாளரிடம் விலைக்காக வாங்குவதை மட்டும் எந்தக் கணக்கிலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வாங்குவதென்று முடிவுசெய்தவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, அனுப்புச் செலவும் வரியும் சேர்ந்த மொத்த விலையை ஒரே தொகையாகவும், பிரித்தும் காட்டியாக வேண்டும். கடைசிப் பக்கத்தில் மட்டும் கட்டணத்தை நீட்டுவது 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிகளில் தவறான உத்தியாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. போலியோ, பழுதோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறானதோ வந்தால் விற்பவர் திருப்பி எடுக்க மறுக்க முடியாது. நாமே தப்பான பார்ட் நம்பரைத் தட்டியிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. திருப்பி எடுக்க வேண்டியதை விற்பவர் எடுக்க மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யலாம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் வழக்கை நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அதற்குக் கட்டணம் இல்லை.