நான்கு துளை, ஒரே தடம்

ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினிப் பலகையில் நான்கு யூஎஸ்பி துளைகள் இருக்கின்றன. இரண்டு நீலம், இரண்டு கறுப்பு. வெப்கேம் மலிவாகக் கிடைக்கிறது. துளைக்கு ஒன்றாகச் செருகிவிட்டால் நாலு பக்கமும் பார்க்கும் கணினி தயார் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. இரண்டு கேமரா வரை சிக்கல் இல்லை. மூன்றாவதை இயக்கியதும் திரையில் வந்தது: ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’. மெமரி கார்டு நிறைந்துவிட்டது என்று நினைத்து, பழைய கோப்புகளை அழிப்பதிலேயே ஒரு மாலையைத் தொலைத்தேன். கார்டில் பாதிக்கு மேல் காலி! இடம் இல்லை என்று லினக்ஸ் சொன்னது கார்டைப் பற்றி அல்ல. யூஎஸ்பி தடத்தைப் பற்றி.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்க வேண்டும். யூஎஸ்பி 2.0-இன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட். நேரம் தவறாமல் வரவேண்டிய வீடியோ போன்றவற்றுக்கு அதில் 80 விழுக்காடு வரைதான் முன்பதிவு செய்யலாம்; அதாவது 384. 640-க்கு 480 என்ற சிறிய படத்தைச் சுருக்காமல் நொடிக்கு 30 முறை அனுப்பினாலே சுமார் 147 மெகாபிட் ஆகிவிடும். இரண்டு கேமராவுக்கு 295, மூன்றுக்கு 442. மூன்றாவதுக்கு இடம் எங்கே? இதிலும் மோசமானவை சில மலிவுக் கேமராக்கள். தேவை எவ்வளவு என்று பாராமல், கேட்கக்கூடிய அளவு முழுவதையும் முதலிலேயே கேட்டுவிடும். பந்திக்கு முன்னே வந்து பக்கத்து இலையிலும் துண்டு போடுகிறவரைப் போல. அப்படிப்பட்டவற்றில் இரண்டுகூட ஒன்றாக ஓடாது.

நீலத் துளை யூஎஸ்பி 3.0 ஆயிற்றே என்று கேட்கலாம். கேமரா யூஎஸ்பி 2.0 வகை என்றால் அது நீலத்தில் செருகினாலும் 2.0 தடத்தில்தான் போகும். பை 4-இல் நான்கு துளைகளுக்கும் அந்தப் பழைய தடம் ஒன்றே. வெளியே ஹப் வாங்கி மாட்டினால் துளை பெருகும், தடம் பெருகாது. பை 3 வரை நிலைமை இன்னும் நெருக்கடி: ஈதர்நெட்டும் அதே தடத்தில்தான் ஓடியது. கேமராவிலிருந்து வந்த படம் வலைக்குப் போக மறுபடி அதே வழியாகத்தான் போயாக வேண்டும்.

எம்ஜேபெக் முறைக்கு மாற்றினால் தீராதா? கேமராவே ஒவ்வொரு படத்தையும் ஜேபெக்காகச் சுருக்கி அனுப்பும்; தடத்தில் ஓடும் தரவு வெகுவாகக் குறையும். ஆனால் முன்பதிவில் பேராசை காட்டும் கேமரா எம்ஜேபெக்கிலும் காட்டும். லினக்ஸில் வெப்கேம்களை இயக்கும் யூவிசி இயக்கியில் இதற்கென உள்ள திருத்தம் சுருக்காத படங்களுக்கு மட்டுமே பயன்படும். படத்தை ஆராய வேண்டுமென்றால் வந்த ஜேபெக்கை விரிக்கும் வேலை செயலியின் தலையில் விழும். தடத்தின் பாரம் செயலிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

2023-இல் வந்த பை 5 தடப் பிரச்சினையைப் பெருமளவு தளர்த்தியது. அதன் ஆர்பி1 சில்லில் இரண்டு தனித்தனி யூஎஸ்பி கட்டுப்படுத்திகள் உள்ளன. ஆனால் பை 4-இல் இருந்த எச்.264 வன்பொருள் குறியாக்கியைப் பை 5-இல் எடுத்துவிட்டார்கள். நாலு கேமராவின் படங்கள் உள்ளே வர வழி கிடைத்தது. சுருக்கிச் சேமிக்கும் உழைப்பு முழுவதும் செயலிக்கு. மின்சாரத்தையும் பாருங்கள். 3 ஆம்பியர் அடாப்டர் போட்டால் பை 5 எல்லாத் துளைகளுக்கும் சேர்த்துத் தருவது 600 மில்லிஆம்பியர். 5 ஆம்பியர் அடாப்டர் போட்டால்தான் 1.6 ஆம்பியர்.

பெயர்க் குழப்பம் சின்னத் தொல்லை. கேமராக்களுக்கு லினக்ஸ் கொடுக்கும் வீடியோ0, வீடியோ2 என்ற பெயர்கள் மறுதொடக்கத்தில் இடம் மாறலாம். ஒரே மாதிரிக் கேமராக்கள் பலவற்றில் வரிசை எண்ணும் ஒன்றாகவே இருப்பதால், எந்தத் துளையில் இருக்கிறது என்பதை வைத்து அடையாளம் காண்பதே நம்பகமானது. ஒத்திசைவு அப்படி விட்டுவிடக்கூடியதல்ல. சாதாரண வெப்கேமில் எல்லாக் கேமராக்களையும் ஒரே கணத்தில் படமெடுக்க வைக்கும் கம்பி கிடையாது. நொடிக்கு 30 படத்தில் ஓடினால் ஒன்றுக்கொன்று 33 மில்லிநொடி வரை விலகலாம். அசையும் பொருளின் தூரத்தை இரண்டு கேமரா கொண்டு அளக்க நினைக்கும் மாணவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்த முறையை நான் ஒதுக்கவில்லை. கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடத் தேவையில்லாத வேலைகள் நிறைய உண்டு. செடி வளர்வதைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை படமெடுப்பது, மீட்டரின் முள்ளைப் பதிவு செய்வது, முப்பரிமாண அச்சில் உருவாகிக்கொண்டிருக்கும் பொருளை நாலு கோணத்தில் பார்ப்பது. ஒன்றைத் திறந்து, வெளிச்சத்துக்குப் பழகும்வரை முதல் சில படங்களைத் தள்ளி, ஒன்றை எடுத்து, மூடிவிட்டு அடுத்ததுக்குப் போனால் போதும். மூடியதுமே தடம் விடுபடும். இந்த முறையில் பழைய பை 3 கூட நாலு கேமராவைத் தாங்கும். மலிவில் இதற்கு இணையான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

வீட்டுக் காவலுக்கு, இரவும் பகலும் ஓடும் வீடியோவுக்கு, இது ஆகாது. யூஎஸ்பி 2.0 கம்பி ஐந்து மீட்டருக்கு மேல் நீளாது. வாசலுக்கும் கொல்லைக்கும் எட்டாது. அதற்குத் தானே சுருக்கி அனுப்பும் ஐபி கேமராவை வாங்குங்கள்.