மேற்கோள் எண்ணிக்கையும் இராமச்சந்திரனின் கண்ணாடியும்

ஓர் ஆய்வாளரின் கட்டுரைகள் பிறரால் எத்துணை முறை எடுத்தாளப்பட்டன என்பதைக் கொண்டு அவரது தகுதியை நிறுக்கும் வழக்கம் விஞ்ஞான உலகில் வேரூன்றிவிட்டது. இந்த நிறைகோல் எதனை நிறுக்கிறது, எதனைத் தவறவிடுகிறது என்று அறிய, நரம்பியலறிஞர் வி. எஸ். இராமச்சந்திரனின் எழுத்துக்கள் தக்க உரைகல்லாகும்.

1951இல் பிறந்த அவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 1972இல், மாணவப் பருவத்திலேயே, இருகண் பார்வை பற்றிய அவரது கட்டுரை 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவந்தது. கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றபின் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தார். அதே பல்கலைக்கழகத்துப் பௌதிகவியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்பவரே 2005இல் 'எச் சுட்டெண்' என்பதை வகுத்தார் என்பது சுவையான பொருத்தம். ஒருவரது கட்டுரைகளுள் 20 மட்டுமே தலா 20 முறையேனும் எடுத்தாளப்பட்டிருப்பின் அவரது சுட்டெண் 20 ஆகும்.

இவ்வெண் புகழுரையையும் மறுப்புரையையும் வேறுபடுத்தாது. குரங்கின் மூளையில் இத்தாலிய ஆய்வாளர் கண்டறிந்த 'கண்ணாடி நரம்பணுக்கள்', உயிரியலுக்கு டி.என்.ஏ. செய்ததை உளவியலுக்குச் செய்யும் என இராமச்சந்திரன் 2000இல் எழுதினார். ஓட்டிசத்தையும் அவற்றின் பழுதோடு தொடர்புபடுத்தினார். இக்கருத்துக்களைக் கிரகொரி ஹிக்கொக் 2014இல் ஒரு முழு நூலாகவே மறுத்தார். ஆயினும் மறுப்போரும் மறுக்கப்படுபவரை மேற்கோள் காட்டியாக வேண்டும்; ஆகவே எண் ஏறுகிறது! 1999இல் வில்லியம் ஹிர்ஸ்டைனுடன் எழுதிய 'கலையின் விஞ்ஞானம்' கட்டுரையும் இத்தகையதே. சோழர் காலப் பார்வதி திருமேனியின் வனப்பை அது மிகைப்படுத்தல் பற்றிய ஒரு மூளை விதியால் விளக்க முனைந்தது. சிற்பியின் மரபும் வழிபடுவோனின் பக்தியும் அவ்வொரு விதிக்குள் அடங்குமா என்பது ஐயமே. இருப்பினும் விவாதத்தைத் தூண்டிய பெருமை அக்கட்டுரைக்கு உண்டு.

மேற்கோள் சுட்டியை 1955இல் முன்மொழிந்த யூஜின் கார்பீல்டின் நோக்கங்களுள் ஒன்று, முந்திய கட்டுரைகள் மீது எழுந்த விமர்சனங்களை ஆய்வாளர் எளிதிற் கண்டறியவேண்டும் என்பது. விமர்சனத்தைத் தேடித்தர எழுந்த கருவி விமர்சனத்தையே வரவாகக் கணக்கிடும் கருவியாயிற்று.

இராமச்சந்திரனின் மெய்யான சாதனை வேறிடத்தில் உள்ளது. கை இழந்தோர் பலர், இல்லாத கையில் தாங்கொணா வலியை உணர்வர். ஒரு பெட்டியில் நிலைக்கண்ணாடியை நிறுத்தி, எஞ்சிய கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தோன்றுமாறு அவர் செய்தார். மடங்கி இறுகிய மாயக்கை விரிவதாகச் சிலர் உணர்ந்தனர். 1990களில் வெளியான இச்சோதனைகள் மிகச் சிலரிடமே செய்யப்பட்டவை. 2007இல் கால் இழந்த 22 பேரிடம் வேறு மருத்துவர் இம்முறையைச் சோதித்தனர். இறுதிவரை நின்றோர் 18 பேர். அவர்களுள் கண்ணாடி பார்த்துப் பயின்ற அறுவருக்கும் வலி குறைந்தது. பிந்திய மதிப்பீடுகள் சான்று போதாதென்று எச்சரித்துள்ளன; அதனையும் மறைத்தலாகாது.

வீரமுனையிலோ கல்முனையிலோ போரிற் கால் இழந்த ஒருவர், வீட்டுக் கண்ணாடியை நெடுக வைத்து இப்பயிற்சியைச் செய்வாராயின் எந்தச் சுட்டெண்ணும் ஒன்றால் உயரப்போவதில்லை. அவருக்காக அம்முறையைத் தமிழில் விளக்கி எழுதும் விரிவுரையாளரின் நிலையும் அதுவே: பன்னாட்டுச் சுட்டிகளிற் தமிழ்ச் சஞ்சிகைகளைக் காண்பது அரிது, பதவியுயர்வுக்கான புள்ளிகளோ பெரிதும் அச்சுட்டிகளைப் பார்த்தே இடப்படுகின்றன.