ஷிப்ட் முடிந்தபின் படிக்கிற நாவல்கள்

வெகுஜன நாவலை எடைபோட என்னிடம் ஒரே அளவுகோல்தான் இருக்கிறது. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்காரும் ஒருவரை அது தூங்கவிடாமல் வைக்கிறதா? சென்னையை அடுத்த ஒரகடத்தில் ஏறினால் படப்பை வருவதற்குள் பாதி பஸ் தலை சாய்ந்துவிடும். எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்த கால்கள், டியூப்லைட்டைப் பார்த்துப் பார்த்து எரியும் கண்கள். அந்த நிலையிலும் ஒரு பெண் ஜன்னலோரம் போனைப் பிடித்துக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கிறாள் என்றால், எழுதியவர் ஏதோ ஒரு வித்தையில் தேர்ந்தவர் என்றுதான் அர்த்தம். இலக்கிய விமரிசகர்கள் அந்த வித்தையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

ராஜேஷ்குமாரிலிருந்து தொடங்குகிறேன். 1980-இல் மாலைமதி இதழில் ‘வாடகைக்கு ஓர் உயிர்’ வந்ததிலிருந்து எழுதிக்கொண்டே இருப்பவர். நாவல்களின் எண்ணிக்கை 1,500-ஐத் தாண்டிவிட்டது. எண்ணிக்கையைச் சொல்லி வியப்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அவருடைய உண்மையான சாமர்த்தியம் கதையை இரண்டு தண்டவாளத்தில் ஓட்டுவதில் இருக்கிறது. முதல் அத்தியாயத்தில் கோவையில் ஒரு பங்களா, ஒரு பிணம். இரண்டாவது அத்தியாயத்தைத் திறந்தால் வேறு ஊர், வேறு ஆட்கள், கல்யாணப் பேச்சு. பிணத்துக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்? மூன்றில் மறுபடி பங்களா. படிக்கிறவர் கொலைகாரனைத் தேடுவதைவிட, இந்த இரண்டு கதையும் எங்கே முட்டிக்கொள்ளும் என்று தேடுகிறார். நடுவிலேயே இரண்டையும் சேர்த்துவிட்டால் பரபரப்பு வடிந்துவிடும். நல்ல ராஜேஷ்குமார் நாவலில் அந்தச் சந்திப்பு கடைசி ஒன்றிரண்டு அத்தியாயம் வரை வராது. அதற்குள் நம் நிறுத்தம் வந்துவிட்டால் எழுந்து இறங்க மனசே வராது.

குறை இல்லாமலா? உண்டு. கடைசிப் பக்கங்களில் அவருடைய வழக்கமான துப்பறியும் நாயகன் விவேக்கோ ஒரு போலீஸ் அதிகாரியோ எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் விளக்கிவிடுவார். ஒரு மனிதன் ஏன் கொலைவரை போனான் என்பது அந்த அவசரத்தில் இரண்டு வரியாகச் சுருங்கிவிடுகிறது. முடிச்சைப் போட எடுத்துக்கொண்ட பொறுமையில் பாதியை அவிழ்ப்பதற்கும் வைத்திருக்கலாம்.

அந்தப் பொறுமை சுஜாதாவிடம் இருந்தது. ‘கொலையுதிர் காலம்’ நாவலில் நடப்பதெல்லாம் பேய் வேலையா, அறிவியலா என்ற சண்டையை அவர் தானே விவாதிக்காமல் வக்கீல் கணேஷுக்கும் அவனுடைய ஜூனியர் வசந்துக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். கணேஷ் காரணம் தேடுகிறான். வசந்த் அமானுஷ்யத்தை அவ்வளவு சுலபமாக ஒதுக்கத் தயாரில்லை. பக்கத்துக்குப் பக்கம் நாமும் கட்சி மாறுகிறோம். வசனங்கள் சின்னச் சின்னதாக இருக்கும்; யார் பேசியது என்று எழுதாமலே புரியும். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்ற பொறியாளர் அவர். ஒரு கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பாடம் நடத்தாமல் கதைக்குள் வைக்கத் தெரிந்தவர். அசெம்பிளி லைனில் நிற்கிறவர்களுக்கு அது தனி சந்தோஷம்.

மாயக் கதை என்றால் டிராகனும் மந்திரக்கோலும்தான் என்று இருப்பவர்களுக்கு இந்திரா சௌந்தர்ராஜனைத்தான் கொடுப்பேன். 2024 நவம்பரில் அவர் மறைந்தபோது, தமிழில் இந்த வகைக்கு இனி யார் என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. இன்னும் பதில் கிடைக்கவில்லை. நாகா இயக்கத்தில் ‘மர்மதேசம்’ தொலைக்காட்சித் தொடரின் பகுதியாக 1990-களில் வந்து வீட்டுக்கு வீடு பயமுறுத்திய ‘விடாது கருப்பு’ அவர் கதைதான். தப்பு செய்தவனைக் கருப்பசாமி குதிரையில் வந்து தண்டிக்கிறது என்று ஒரு ஊரே நம்புகிறது. சாமியா, ஆசாமியா? முடிவை இங்கே சொல்ல மாட்டேன். ஆனால் அவர் நம்பிக்கையைக் கேலி செய்வதில்லை, அறிவையும் விட்டுக்கொடுப்பதில்லை. இரண்டுக்கும் சம மரியாதை கொடுத்து கடைசிவரை இழுத்துப் போவது சாதாரணக் கைவேலை இல்லை. இந்தப் பக்கத்து ஆலைகளில் வேலை பார்ப்பவர்களில் நிறையப் பேர் தென்மாவட்டக் கிராமங்களிலிருந்தும் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கமிருந்தும் வந்தவர்கள். ஆடி மாதம் லீவு கேட்பதே குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கத்தான். போன் திரையில் அய்யனார் படம் வைத்திருக்கிற பெண்ணுக்கு அந்தக் கதை மாயமே இல்லை, ஊர்க்கதை.

காதல் நாவலுக்கு வருவோம். தொழிலாளர் விடுதிகளில் அதிகம் படிக்கப்படுவது இதுதான். ரமணிசந்திரனின் கதைகளை ‘ஒரே கதை’ என்று தள்ளுகிறவர்கள் அவற்றைக் கவனித்துப் படித்திருக்க மாட்டார்கள். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துபோகிற ஒரு தப்பபிப்பிராயம் இருவருக்கும் நடுவில் இருக்கும். அந்த ஐந்து நிமிஷத்தை நூற்றைம்பது பக்கத்துக்கு நடக்கவிடாமல், அதே சமயம் நமக்கு எரிச்சல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் அதற்குத் தன்மானத்தைப் பயன்படுத்துகிறார். கேட்டுவிடலாம் என்று அவள் வாசல் வரை வருவாள். அவன் சொன்ன ஒரு சொல் நினைவுக்கு வந்து திரும்பிவிடுவாள். அந்தத் திரும்பல் ஒவ்வொரு முறையும் நியாயமாகப் படும். அங்கே நிற்கிறது அவர் கலை.

இப்போது அந்த இடத்தைப் பிடித்திருப்பவை போனில் அத்தியாயம் அத்தியாயமாக வரும் கதைகள். பெங்களூரில் 2014-இல் தொடங்கிய பிரதிலிபி போன்ற தளங்களில் இல்லத்தரசிகளும் கல்லூரி மாணவிகளும் வேலைக்குப் போகிறவர்களும் எழுதிக் குவிக்கிறார்கள். வாரப் பத்திரிகை ஆசிரியரின் தயவு தேவைப்படாத இந்த எழுத்தை நான் மனமார வரவேற்கிறேன். பேச்சு நடையில் ஒரு துள்ளல் இருக்கிறது. மாமியார் வீட்டுச் சமையலறை அரசியலை இவர்களைப் போல நுணுக்கமாக எழுதியவர்கள் குறைவு.

ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ‘ஆன்டி ஹீரோ’ என்று சொல்லிக்கொண்டு, மிரட்டித் தாலி கட்டுகிறவனையும் கை ஓங்குகிறவனையும் நாயகனாக்குகிறார்கள். பத்து அத்தியாயம் தள்ளி அவனுடைய சின்ன வயசு சோகம் ஒன்றைச் சொன்னதும் அவள் மன்னித்துவிடுகிறாள். எவ்வளவு விறுவிறுப்பாக எழுதியிருந்தாலும் அந்தக் கதை எனக்கு வேண்டாம். ரமணிசந்திரனின் நாயகி அவனை அவ்வளவு சீக்கிரம் வாசல்படி ஏற்றியிருக்க மாட்டாள்.

இன்னொரு ஏக்கமும் உண்டு. இந்தக் கதைகளில் நாயகன் எப்போதும் கம்பெனி முதலாளி. அவள் அவனுடைய பி.ஏ. கண்ணாடிக் கட்டடம், இருபதாவது மாடி. அந்தக் கம்பெனியில் என்ன தயாராகிறது என்று கடைசிவரை தெரியாது. படிக்கிறவளுக்கோ கம்பெனி என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும்: டார்கெட் போர்டு, லைன் லீடர், கேன்டீன் வரிசை, போனை வைத்துப் பூட்டும் லாக்கர். வல்லம்-வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள். அவ்வளவு பெண்கள் ஒரே வளாகத்தில் வாழும் இடத்தில் நடக்கிற ஒரு நாவல் இதுவரை என் கண்ணில் படவில்லை.

எவ்வளவு கதை கிடக்கிறது! எல்லோரும் ஒரே யூனிபார்ம், ஒரே தொப்பி, முகத்தில் மாஸ்க், தெரிவது கண் மட்டும். அன்றைக்கு அந்த இடத்தில் நின்றது அவள்தானா, அவளுடைய ஐடி கார்டோடு வந்த வேறொருத்தியா? ராஜேஷ்குமாரின் இரண்டு தண்டவாளமும் தானாக வந்து உட்காரும் இடம் இது. காதலுக்கும் பஞ்சமில்லை. ஒருவருக்கு முதல் ஷிப்ட், இன்னொருவருக்கு நைட் ஷிப்ட் என்று வாழும் புதுமணத் தம்பதிக்கு, ரமணிசந்திரன் பக்கம் பக்கமாகத் தள்ளிப்போடும் அந்த ஐந்து நிமிஷப் பேச்சு நிஜமாகவே கிடைக்காது.

இதை எழுதக்கூடியவர்கள் வெளியில் இல்லை. விடுதியில் மேல் பங்க்கில் படுத்துக்கொண்டு போனில் தட்டிக்கொண்டிருக்கும் பெண்களிடமே கேட்கிறேன். முதல் அத்தியாயத்தை ஷிப்ட் மாறும் நேரத்தில், கேட் வாசலில் தொடங்குங்கள். ஒரு பஸ்ஸில் ஆள் குறையட்டும். ஏன் என்பதைப் பத்தாவது அத்தியாயம் வரை சொல்லாதீர்கள். நாயகனுக்கு முதலாளி வேலை வேண்டாம், மெயின்டனன்ஸில் போடுங்கள்.