பதினெட்டு வயதில் கிடைக்கும் நட்சத்திரம்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், அதாவது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அந்நாட்டுக் கால்பந்தில், ஆண்டுதோறும் இரண்டு தரவரிசைகள் வெளியாகின்றன. ஒன்று, களத்தில் ஆடிப் பெறுவது. மற்றொன்று, பள்ளி இறுதியாண்டு மாணவர்களில் யார் யாரை எந்தக் கல்லூரி சேர்த்துக்கொண்டது என்பதை வைத்துக் கணக்கிடுவது. டிசம்பரிலும் பிப்ரவரியிலும் மாணவர்கள் கையெழுத்திடும் நாள்களில் இந்த இரண்டாவது பட்டியலுக்காக ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள், பயிற்சியாளர்களைத் திட்டவும் செய்கிறார்கள். அந்த மாணவர்கள் கல்லூரிக்காக இன்னும் ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்க மாட்டார்கள்.

ரைவல்ஸ், 247ஸ்போர்ட்ஸ், ஈஎஸ்பிஎன் போன்ற நிறுவனங்கள் மாணவர்களுக்கு நட்சத்திரங்கள் வழங்குகின்றன. உச்ச மதிப்பு ஐந்து. நாடு முழுவதிலும் ஆண்டுக்கு முப்பது பேருக்குச் சற்று முன்பின்னாக மட்டுமே அது கிடைக்கும். நான்கு நட்சத்திரம் பெறுவோர் சில நூறு பேர். மூன்றும் அதற்குக் கீழும் பெறுவோர் ஆயிரக்கணக்கில். மாணவர்களின் ஆட்டக் காணொளி, உயரம், எடை, ஓட்ட வேகம், கோடைக்கால முகாம்களில் காட்டும் திறன் ஆகியவற்றைப் பார்த்தே இந்த மதிப்பு முடிவாகிறது. 247ஸ்போர்ட்ஸின் கூட்டுத் தரவரிசை பல நிறுவனங்களின் மதிப்பெண்களைச் சராசரியாக்குகிறது. பிறகு அணியின் மொத்தப் புள்ளியைக் கணக்கிடும்போது சிறந்த வீரருக்கு முழு எடை தந்து, அடுத்தடுத்த வீரர்களுக்கு எடையைப் படிப்படியாகக் குறைக்கிறது. சுமாரான முப்பது பேரைச் சேர்த்து முதலிடம் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

நிறுவனங்களின் மதிப்பீட்டாளர்கள் முற்றிலும் தங்கள் கண்ணை நம்பியே மதிப்பிடுவதில்லை. அலபாமா பல்கலைக்கழகமோ ஜார்ஜியா பல்கலைக்கழகமோ ஒரு மாணவனுக்கு உதவித்தொகை தர முன்வந்தால், அவனுடைய காணொளியை மறுபடியும் போட்டுப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் மதிப்பு கூடிவிடும். இதைப் பித்தலாட்டம் என்று சொல்வோர் உண்டு. உண்மையில் பட்டியலின் பலமே இங்கேதான் இருக்கிறது. இதற்காகவே சம்பளம் வாங்கும் பல பயிற்சியாளர்களின் தீர்ப்பு அந்த எண்ணுக்குள் கலந்துவிடுகிறது. அதே சமயம், பணமும் பேரும் உள்ள கல்லூரிகள் தேர்ந்தெடுத்தவர்களே உயர்ந்த மதிப்பு பெறுகிறார்கள் என்றால், பின்னால் வரும் வெற்றியில் எவ்வளவு வீரர்களால் வந்தது, எவ்வளவு பணத்தாலும் பயிற்சியாலும் வந்தது என்று பிரித்தறிவது கடினம்.

தனி வீரர் அளவில் பட்டியல் எவ்வளவு தேறுகிறது என்பதைத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் காட்டிவிடுகிறது. ஐந்து நட்சத்திர மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அங்கே தேர்வாகிறார்கள். நான்கு நட்சத்திரத்தாரில் சுமார் ஐந்தில் ஒருவர். மூன்று நட்சத்திரத்தாரில் பத்தில் ஒருவர்கூட இல்லை. என்றாலும், டிராஃப்ட் முடிந்த மறுநாள், தேர்வானவர்களில் மூன்று நட்சத்திரத்தாரே அதிகம், ஆகவே பட்டியல் வீண் என்ற பேச்சு தவறாமல் எழும். மூன்று நட்சத்திரத்தார் எண்ணிக்கையில் பல மடங்கு அதிகம் என்பதை அந்தப் பேச்சு வசதியாக மறந்துவிடுகிறது. இந்த வாதத்தில் பார்க்க வேண்டியது தேறியவர்களின் விகிதத்தை.

விதிவிலக்குகளுக்குக் குறைவில்லை, அவை சுவையானவையும்கூட. ஜே.ஜே. வாட், டைட் எண்ட் என்ற தாக்குதல் இடத்தில் ஆடும் இரண்டு நட்சத்திர மாணவராக சென்ட்ரல் மிச்சிகனில் சேர்ந்தவர். பிறகு உதவித்தொகை இல்லாமலே விஸ்கான்சினுக்குப் போய், தற்காப்பு வரிசைக்கு மாறி, என்எஃப்எல்லின் சிறந்த தற்காப்பு வீரர் விருதை மூன்று முறை வென்றார். கலிஃபோர்னியாவின் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் படித்த ஜாஷ் ஆலனைப் பெரிய கல்லூரி எதுவும் அழைக்கவில்லை. இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் ஆடி, வயோமிங் வழியாக, 2018 டிராஃப்டில் ஏழாவது ஆளாகத் தேர்வானார். பதினேழு வயதில் உடல் முழுமையாக வளர்ந்திராதவர்களைத்தான் பட்டியல் அதிகம் தவறவிடுகிறது. கல்லூரியில் எடை ஏறிய பிறகே உருவாகும் தாக்குதல் வரிசைக் காவலர்கள் இதற்குச் சரியான உதாரணம். தாக்குதலை வழிநடத்தும் குவாட்டர்பேக்கை முன்கூட்டி அறிவதும் எளிதல்ல. வேகத்தை அளக்க முடியும். நெருக்கடியில் எடுக்கும் முடிவை முகாமில் வைத்து அளக்க முடியாது.

தனி ஆள்களை விட்டுவிட்டு ஓர் அணியை மொத்தமாகப் பார்த்தால் பட்டியலின் கை ஓங்குகிறது. எண்பது தொண்ணூறு பேர் கொண்ட அணியில் ஒருவர் மேல் வைத்த மதிப்பு பொய்த்தால், இன்னொருவர் எதிர்பார்ப்பைத் தாண்டிவிடுவார். தவறுகள் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். இதை ஒரு விதியாக்கியவர் பட் எலியட் என்ற விளையாட்டு எழுத்தாளர். கடைசி நான்கு ஆண்டுகளில் ஒரு கல்லூரி சேர்த்த மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நான்கு அல்லது ஐந்து நட்சத்திரத்தாராக இருந்தால்தான் அது தேசியப் பட்டத்தை வெல்லும் என்றார் அவர். ‘புளூ சிப் விகிதம்’ என்று அதற்குப் பெயர். பாதிக் கோட்டைத் தாண்டும் அணிகள், மேல்மட்டத்தில் ஆடும் நூற்று முப்பதுக்கு மேற்பட்டவற்றில் பதினைந்தை ஒட்டித்தான் இருக்கும். 2011 முதல் 2024 வரையான 14 பருவங்களில் பட்டம் வென்ற ஒவ்வோர் அணியும் அந்தக் கோட்டைத் தாண்டியதே. அந்த 14 பட்டங்களையும் ஏழே கல்லூரிகள் பங்கிட்டுக்கொண்டன. அலபாமாவுக்கு மட்டும் ஐந்து. 2016இன் கிளெம்சனும் 2023இன் மிச்சிகனும் கோட்டைச் சற்றே தாண்டியவை.

கோட்டுக்குக் கீழே இருந்தபடி இறுதி வரை போன அணிகளின் கதியும் இதே பாடத்தைத்தான் சொன்னது. 2022 பருவத்தில் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம் அரையிறுதியில் மிச்சிகனை 51-45 என்று வீழ்த்தி எல்லோரையும் வியக்க வைத்தது. ஒன்பது நாள் கழித்து ஜார்ஜியாவிடம் 65-7 என்று நொறுங்கியது. திட்டமும் துணிச்சலும் ஓர் அணியை வெகுதூரம் கொண்டுபோகும். ஆனால் முன்னணி வீரர் களைத்தால் களமிறங்க, அவருக்கு நிகரான இரண்டாமவர் பெஞ்சில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பெஞ்ச் பல ஆண்டுச் சேர்ப்பில்தான் உருவாகும். அதற்கு முந்தைய பருவத்தில் ஜார்ஜியாவுக்கு ஆடியவர்களில் 15 பேர் 2022 டிராஃப்டில் தேர்வானார்கள். ஏழு சுற்று டிராஃப்டில் ஒரே கல்லூரியிலிருந்து அத்தனை பேர் போனது அதுவே முதல்முறை. அந்த ஜார்ஜியாவை 2021, 2022 பருவங்களின் இரண்டு பட்டங்களுக்கும் வழிநடத்திய குவாட்டர்பேக் ஸ்டெட்சன் பென்னட், உதவித்தொகைகூட இல்லாமல் அணிக்கு வந்தவர் என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியது.

கோட்டுக்கு மேலே இருந்தால் மட்டும் பட்டம் உறுதியாகிவிடாது. 2022இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் சேர்த்த மாணவர் கூட்டம், கூட்டுத் தரவரிசையின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி பெற்றது. அந்தப் பருவத்திலேயே சொந்த மைதானத்தில் அப்பலேச்சியன் ஸ்டேட்டிடம் 17-14 என்று தோற்று, 5 வெற்றி, 7 தோல்வியோடு அணி முடிந்தது. முதலாண்டு மாணவர்கள் பழுக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும் என்பது நியாயமான சமாதானம்தான். அதற்குள் அவர்களில் பலர் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை 2023 நவம்பரில் நீக்கியபோது, ஒப்பந்தப்படி தர வேண்டிய தொகை 7.5 கோடி டாலரைத் தாண்டியது.

பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் அணிகளுக்குள் வேறுபாடு தேடுவதும் வீண். முதலிடத்துக்கும் நாற்பதாம் இடத்துக்கும் உள்ள தூரம் களத்தில் தெரியும். ஆறாம் இடத்துக்கும் பதினோராம் இடத்துக்கும் உள்ள தூரம் அநேகமாகத் தெரியாது. வழக்கமான பருவத்துக்குப் பன்னிரண்டே ஆட்டம். குவாட்டர்பேக்கின் முழங்கால் ஒன்று போதும் கணக்கைக் கவிழ்க்க. அதனால்தான் பில் கான்னலியின் எஸ்பி பிளஸ் போன்ற முன்கணிப்புகள் சேர்ப்புத் தரவரிசையை ஓர் உறுப்பாக மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. போன ஆண்டு ஆடியவர்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள், அணியின் அண்மைக்கால ஆட்டம் எப்படி என்பவற்றையும் அதோடு கூட்டுகின்றன.

இந்தக் கணக்கையெல்லாம் அசைத்தவை இரண்டு விதி மாற்றங்கள். கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பெயரைப் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018இல் தொடங்கியது. 2021 முதல், மாறிய வீரர் ஓராண்டு வெளியே உட்காராமல் உடனே ஆடலாம் என்றானது. அதே 2021 ஜூலையில், வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் ஈட்டவும் அனுமதி வந்தது. அதுவரை ஒரு கல்லூரியின் பலம் அது சேர்த்த பதினெட்டு வயதுக்காரர்களில் இருந்தது. இப்போது இருபத்திரண்டு வயதில், வேறெங்கோ மூன்று ஆண்டு ஆடித் தேர்ந்தவரை நேராக வாங்கிவிடலாம். பள்ளி மாணவர் பட்டியல் முன்போலவே துல்லியமாக இருந்தாலும், அது அளக்கும் பொருளின் பங்கு அணிக்குள் குறைந்துவிட்டது.

இண்டியானாதான் இதற்குப் பெரிய சாட்சி. மேல்மட்ட வரலாற்றில் மிக அதிகத் தோல்வி கண்ட அணி என்ற பெயரைச் சுமந்த கல்லூரி அது. 2023இல் 3 வெற்றி, 9 தோல்வி. அடுத்த பருவத்துக்கு ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி வந்தார். தம் பழைய வீரர்களில் பத்துக்கும் மேற்பட்டோரைக் கூடவே அழைத்து வந்தார். 2024இல் 11 வெற்றி. 2025இல் 16 ஆட்டங்களையும் வென்று தேசியப் பட்டம். புளூ சிப் விகிதத்தில் இண்டியானா பாதியின் அருகில்கூட இல்லை. ஆனால் அந்தப் பருவத்தின் கடைசி நான்கு ஆட்டங்களில் அது வீழ்த்திய ஒஹாயோ ஸ்டேட், அலபாமா, ஒரிகன், மயாமி நான்குமே கோட்டுக்கு மேலே இருந்தவை. சிக்னெட்டி தேடியது பிற கல்லூரிகளில் நிறைய ஆடி, புள்ளிவிவரத்தில் தங்களை நிரூபித்துவிட்டவர்களை. அவர்கள் பள்ளியில் பெற்ற நட்சத்திரம் அவருக்குப் பொருட்டாக இருக்கவில்லை.

தரமிடும் நிறுவனங்களும் இப்போது போர்ட்டலில் வரும் வீரர்களுக்குத் தனி மதிப்பெண் இட்டு, பள்ளி மாணவர் பட்டியலோடு கூட்டி வெளியிடுகின்றன. இண்டியானா மயாமியை 27-21 என்று வென்ற அந்த இறுதி ஆட்டத்தின் குவாட்டர்பேக்குகள் இருவருமே மாறி வந்தவர்கள். மயாமியின் கார்சன் பெக் ஜார்ஜியாவில் நான்கு நட்சத்திர மாணவராகத் தொடங்கியவர். இண்டியானாவின் ஃபெர்னாண்டோ மெண்டோசா, மயாமியிலேயே வளர்ந்தும் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தின் பார்வையில் படாதவர். முதலில் யேலுக்குப் போவதாக இருந்து, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆடி, பிறகு இண்டியானாவுக்கு வந்தவர். கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையும் அந்தப் பருவத்தில் அவருக்கே கிடைத்தது.