தடை தாண்டலும் திறன் காண்டலும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்துள்ள அரசாங்க அலுவலகங்களிற் பணியாற்றுவோர் வாழ்விலே நீங்கா இடம்பெற்ற தொடர் ஒன்றுண்டு: வினைத்திறன் காண் தடைதாண்டல் பரீட்சை. பெயரில் வினைத்திறன் உண்டு. வினாத்தாளில் உண்டா என்பதே ஈண்டு எழும் கேள்வி. தாபன விதிக்கோவை பற்றியும் நிதிப் பிரமாணங்கள் பற்றியும் தாளில் விடை எழுதவல்லார் தடை தாண்டுகின்றனர். மக்கள் முன்னிலையில் அவர் எவ்வாறு கருமமாற்றுவார் என்பதை அத்தாள் காட்டுவதில்லை.

அதே துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் அதிகாரிகள் நிலை வேறு. கடலோடிகளின் பயிற்சி, சான்றிதழ் பற்றிய 1978 ஆம் ஆண்டுச் சர்வதேசச் சமவாயம் 1995 இல் திருத்தப்பட்டபோது, இன்ன பணியைச் செய்துகாட்டுதல் வேண்டும் எனத் தேர்ச்சி மட்டங்கள் வகுக்கப்பட்டன. ஏட்டறிவு மட்டும் கப்பலைச் செலுத்தாது என்பதைக் கடலே உணர்த்தியது போலும். கச்சேரிக்கு அவ்வாறு உணர்த்த அலைகள் இல்லை.

அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்கிளெலண்ட் 1973 இல் நுண்மதிச் சோதனைகளைச் சாடி எழுதிய கட்டுரை, தொழிலைச் செவ்வனே செய்வோர் உண்மையில் என்ன செய்கின்றனர் என்பதையே அளவுகோலாகக் கொள்ளவேண்டுமென வாதிட்டது. தேர்ச்சிமையப் பயிற்சி என இன்று பேசப்படுவதன் ஊற்றுகளுள் இதுவும் ஒன்று. கருத்து ஏற்புடையதே. ஆயினும், தேர்ச்சி எது என வரையறுப்பவர் யார்? நமது நாட்டு வரலாற்றை அறிந்தோர் இவ்வினாவைத் தவிர்த்துச் செல்லவியலாது.

கேகாலைக் கச்சேரியிற் கடமையாற்றிய கோடீஸ்வரன் என்னும் தமிழ் எழுதுவினைஞர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாமையால், 1962 இல் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் தமது கடமையிற் குறைவைத்தார் என்பதன்று குற்றச்சாட்டு. 1956 ஆம் ஆண்டு மொழிச் சட்டத்தின் வழிவந்த சுற்றறிக்கையொன்றே அவரது திறனை நிறுத்துப் பார்த்தது. வழக்கு கோமறைக் கழகம்வரை சென்றது. அரச ஊழியர் தம் சம்பளத்துக்காக வழக்காடலாம் என அது 1969 இல் தீர்ப்பளித்தது. மொழிச் சட்டம் செல்லுமா என்னும் வினாவோ உயர் நீதிமன்றத்துக்கே திரும்பிற்று. அளவுகோல் ஆள்வோர் கையில் இருந்தால் "திறன்" என்னும் சொல் எத்துணை எளிதாகத் தண்டனைக் கருவியாகிவிடுகிறது!

1987 இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 2007 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, புதிதாகச் சேர்வோர் ஐந்தாண்டுகளுள் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டுமென விதித்தது. இது இருபாலார்க்கும் பொதுவாதலின் முன்னையதினும் நேர்மையானதே. எனினும், இங்கும் சான்றிதழே தேர்ச்சியாகக் கொள்ளப்படும் அபாயம் உண்டு.

சென்ற ஆண்டு அம்மம்மாவுடன் இம்மாவட்ட அலுவலகமொன்றுக்குச் சென்றிருந்தேன். மொழிச் சான்றிதழ் பெற்ற அதிகாரியால் படிவத்தின் ஒரு வரியை அவருக்கு விளக்க இயலவில்லை. அலுவலக உதவியாளர் ஒருவர் வந்தார். அம்மம்மாவுக்குத் தமிழில் எடுத்துரைத்தார். குறைந்திருந்த பத்திரம் யாதென அதிகாரிக்குச் சிங்களத்திற் கூறினார். கருமம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அது தமது கடமைப்பட்டியலில் இல்லையெனப் பின்னர் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.