யந்திர ஜோஸ்யம்

பிலிப் கே. டிக் என்கிற அமெரிக்க ஆசிரியரின் 'மைனாரிட்டி ரிப்போர்ட்' 1956ல் வெளிவந்த கதை. விஞ்ஞானக் கதைதானே என்று அதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. நடை சுமார்தான், பாத்திரங்களும் மனசில் நிற்பதில்லை. ஆனாலும் நீதியைப் பற்றி அது ஒரு நல்ல கேள்வி கேட்கிறது. அதற்காகவே படிக்கலாம்.

நடக்கப்போகும் கொலைகளை மூன்று பேர் முன்கூட்டியே உணர்ந்து உளறுகிறார்கள். யந்திரங்கள் அந்த உளறலிலிருந்து கொல்லப்போகிறவன் பெயரைப் பிரித்தெடுத்துச் சீட்டில் அடித்துத் தருகின்றன. போலீஸார் அவனை முகாமில் அடைத்துவிடுகிறார்கள். ஒரு நாள் கமிஷனர் ஆண்டர்டன் பெயரே சீட்டில் வருகிறது.

சீட்டைப் படித்ததும் அவர் மனம் மாறுகிறது. ஜோஸ்யமும் ஆட்டம் காண்கிறது. இந்த இடம்தான் கதைக்கு உயிர். இப்படித் தன் பலனைப் படிக்கிற வாய்ப்பு கமிஷனராக இருப்பவருக்கு மட்டுமே உண்டு என்பதை ஆசிரியர் கடைசியில் போகிற போக்கில் சொல்கிறார். அங்கே அவர் நின்றிருக்க வேண்டும். நிற்காமல், இலாகாவைக் காப்பாற்றுவதற்காக ஆண்டர்டனைக் கொலை செய்யவே வைத்துக் கதையை முடித்துவிட்டார். கெட்டிக்காரத்தனமான முடிவுதான், முகாமில் கிடக்கிறவன் கதை எழுதப்படாமலே போயிற்று.

அதை அறுபது வருஷம் கழித்து விஸ்கான்சின் மாநிலத்துக் கோர்ட்டுகள் எழுதின என்று சொல்லலாம். 'காம்பஸ்' என்ற கம்ப்யூட்டர் கணக்கு, ஒருவன் மறுபடி குற்றம் செய்யக்கூடுமா என்று 1 முதல் 10 வரை மார்க் போடுகிறது. அந்த மார்க்கையும் பார்த்து நீதிபதி ஒருவனுக்கு ஆறு வருஷம் சிறை விதித்தார். எதற்கு எவ்வளவு மார்க் என்று அவனுக்குச் சொல்லவில்லை. அது கம்பெனியின் வியாபார ரகசியம். 2016ல் மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. அவன் சொன்ன பதில்கள் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று அவன் பார்த்துக்கொள்ளலாமாம். நீதிபதி மார்க்கைப் பார்க்கலாம், அதன் குறைகளைக் குறித்த எச்சரிக்கையோடு. ஆனால் அதை வைத்தே முடிவு செய்துவிடக் கூடாதாம். குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்கிற கதைதான்!

மனித நீதிபதிகள் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிறம் பார்க்கிற நீதிபதிகள் இருந்திருக்கிறார்கள். கணக்கும் அதிலிருந்து தப்பிவிடவில்லை. 2016ல் புரோபப்ளிகா என்ற பத்திரிகை ஸ்தாபனம், புளோரிடாவில் ஒரு பிரதேசத்தில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் மார்க்குகளைப் பரிசீலித்தது. இரண்டு வருஷம் மறுபடி குற்றம் செய்யாதிருந்தவர்களில், ஆபத்தானவர்கள் என்று முன்பு தவறாகக் குறிக்கப்பட்டவர்கள் வெள்ளையரில் நூற்றுக்கு 23, கறுப்பரில் 45. கம்பெனி இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே மார்க் வாங்கியவர்கள் எந்த நிறமானாலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் திரும்பக் குற்றம் செய்தார்கள் என்று பதில் சொல்லிற்று. இரண்டு கணக்கும் ஒரே சமயத்தில் சரியாக இருக்கலாம் என்பதுதான் விசித்திரம்.

ஆனால் நீதிபதி தவறினால் அவர் எழுதிய காரணத்தைக் காட்டி மேல் கோர்ட்டில் வாதாடலாம். காரணம் சொல்லாத மார்க்கோடு யார் வாதாட முடியும்? டிக்கின் கமிஷனராவது தன் சீட்டைப் படித்தார். படிக்கக் கிடைக்காதவனை வைத்து யாராவது ஒரு நல்ல கதை எழுத வேண்டும்.