கல், அரக்கு கழித்து

பிரிவைப் பற்றி எழுதும் தமிழ்க் கவிஞனுக்கு மழை இருக்கிறது, ரயில் நிலையம் இருக்கிறது, அணைந்த விளக்கு இருக்கிறது. மிக்ஸி இல்லை. ஒரே வீட்டில் வாழ்ந்த இருவர் பிரிகிற அன்று மாலையே மிக்ஸி யாருக்கு என்ற கேள்வி எழுந்துவிடும். அது கவிதைக்கு ஆகாது என்று எப்போதோ முடிவாகிவிட்டது. யார் முடிவு செய்தார்கள் என்று கேட்கவும் ஆளில்லை. லியான் ஷாப்டன் 2009ல் வெளியிட்ட புத்தகத்தைப் பற்றி எழுத எனக்கு இதுதான் காரணம். அதன் புதுமை அல்ல. உத்திச் சோதனைகளைக் கண்டு மெய்சிலிர்க்கும் வயதை நான் தாண்டியாயிற்று.

ஷாப்டன் கனடாவில் பிறந்தவர், ஓவியரும்கூட. புத்தகம் நாவல்தான், ஆனால் ஏலக் கம்பெனி அச்சிடும் கேட்லாக்கின் உருவத்தில் இருக்கிறது. தலைப்பும் அப்படியே: லெனோர் டூலன், ஹெரால்ட் மாரிஸ் ஆகியோரின் சேகரிப்பைச் சேர்ந்த முக்கியப் பொருட்கள், சொந்த உடைமைகள் என்று தொடங்கி, புத்தகங்கள், உடைகள், நகைகள் உட்பட என்று முடிகிறது. ஏலம் நடக்கவிருக்கும் நாள் 2009 பிப்ரவரி 14. காதலர் தினம் என்ற இந்தக் கிண்டல் இல்லாமலே இருந்திருக்கலாம். லெனோர் நியூயார்க் டைம்ஸில் கேக்குகளைப் பற்றிப் பத்தி எழுதுகிறவள். ஹெரால்ட் புகைப்படக்காரன், அடிக்கடி வெளியூர் போகிறவன். மணம் செய்துகொள்ளாமல் சில ஆண்டுகள் உறவில் இருந்து பிரிந்தவர்கள். 300க்கு மேற்பட்ட உருப்படிகள். அவற்றுக்கு எண், கறுப்பு வெள்ளைப் படம், வர்ணனை, எதிர்பார்க்கும் விலை டாலரில். நகைகளுக்கு நடுவே இரவு உடை, குறிப்பெழுதிய சீட்டு, வாசித்து நைந்த பேப்பர்பேக். கதைசொல்லி என்று எவனும் கிடையாது. படங்களில் லெனோராக வருபவர் ஷீலா ஹெட்டி, அவரும் நாவலாசிரியர்தான்.

நான் வங்கியில் நகைக்கடன் கவுண்டருக்கு அடுத்த நாற்காலியில் உட்காருகிறவன். மதிப்பீட்டாளர் நகையை உரைத்துப் பார்ப்பார், எடை போடுவார், பிறகு கல்லையும் அரக்கையும் கழித்து நிகர எடை எழுதுவார். கல்யாணத்துக்குப் போட்டதா, அம்மா கழுத்திலிருந்து இறங்கியதா என்பதெல்லாம் அந்தக் கழிவோடு போய்விடும். அப்படித்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் கடன் கொடுக்க முடியாது. ஷாப்டன் செய்வது இதன் தலைகீழ். தங்கம் அவர் தட்டில் இல்லை. சந்தையில் விலைபோகாத ஒரு சீட்டுக்கு டாலரில் மதிப்பு எழுதும்போது அவர் நிறுப்பது மதிப்பீட்டாளர் கழித்துத் தள்ளிய அரக்கை. அதையும் மதிப்பீட்டாளரின் வறண்ட குரலிலேயே சொல்கிறார். நீளம், அகலம், பழுது. இந்த வறட்சி ஒரு பாவனை என்று வாசகன் சீக்கிரமே கண்டுகொள்கிறான். கண்டுகொண்ட பிறகும் அது வேலை செய்கிறது என்பதுதான் புத்தகத்தின் வெற்றி.

மணமானவர்களுக்கு இந்தப் பட்டியல் முதலிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. சீர்வரிசைக்கு நம்மிடம் எழுத்துமூலமான பட்டியல் உண்டு. போதாதென்று பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறோம். பித்தளைக் குடத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாக யார் கொடுத்தது, எந்தத் தேதி என்று இருக்கும். சேர்க்கையின் சின்னம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அந்த எழுத்து உண்மையில் பிரிவுக்கான முன்னேற்பாடு. நாளைக்குத் தகராறு வந்தால் குடம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று குடமே சொல்லிவிடும். மணம் செய்யாதவர்கள் வாங்குகிற பாத்திரத்தில் பெயர் இல்லை. சங்க அகத்தில் களவுக் காதலன் கொடுப்பது தழையாடை. ஏற்பதா திருப்புவதா என்ற தயக்கம் தோழியரின் பேச்சில் உண்டு. ஆனால் தழை வாடிவிடும், பங்கு பிரிக்க எதுவும் மிஞ்சாது. களவின் இலக்கணத்தை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள்.

தழைக்குப் பதில் நாற்காலி மிஞ்சும்போது சட்டம் வருகிறது. நடிகர் லீ மார்வினோடு 1964லிருந்து 1970வரை வாழ்ந்த மிஷேல் ட்ரயோலாவின் வழக்கில், மணமாகாதவர்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் செல்லும், நடத்தையிலிருந்தும் ஒப்பந்தத்தை ஊகிக்கலாம் என்று 1976ல் கலிஃபோர்னியா உச்சநீதிமன்றம் சொல்லிற்று. 1979ல் விசாரணை நீதிமன்றம் அவருக்கு 1,04,000 டாலர் வழங்கிற்று. 1981ல் மேல்முறையீட்டில் அதுவும் போயிற்று. லெனோரும் ஹெரால்டும் வாழ்ந்த நியூயார்க் இன்னும் கறார். சேர்ந்து வாழ்வதாலேயே மணமாகிவிடும் என்ற பழைய வழக்கத்தை அந்த மாநிலம் 1933லேயே ஒழித்துவிட்டது. 1980ல் மரோன் வழக்கில் அதன் மேல்நிலை நீதிமன்றம், வாய்விட்டுச் சொல்லிச் செய்த ஒப்பந்தம்தான் செல்லும், வாழ்ந்த விதத்திலிருந்து ஊகித்தது செல்லாது என்று தீர்த்தது. நம் ஊரில் 2005ன் குடும்ப வன்முறைச் சட்டம் மணத்தின் தன்மையிலான உறவையும் கணக்கில் எடுத்து, பெண்ணுக்குச் சேர வேண்டிய பொருளைத் திருப்பித் தரச் சொல்லும் அதிகாரத்தை மாஜிஸ்திரேட்டுக்குக் கொடுத்தது. ஆனால் 2010ல் கோயம்புத்தூரிலிருந்து போன ஒரு வழக்கில், அப்படிப்பட்ட உறவு என்றால் இருவரும் ஊர் கண்ணுக்குக் கணவன் மனைவியாகவே விளங்கியிருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் நிபந்தனை போட்டது.

சட்டத்தை இவ்வளவு தூரம் இழுத்ததற்குக் காரணம் உண்டு. சொல்லியது மட்டும் செல்லும் என்பது நியூயார்க் தீர்ப்பு. ஷாப்டனின் புத்தகம் முழுக்கச் சொல்லாததால் ஆனது. ஒருவர் வாங்கி மற்றவர் உடுத்திய சட்டை யாருடையது? பணம் கொடுத்தது யார் என்று சட்டம் கேட்கும். கேட்லாக் கேட்பதில்லை; சட்டையைப் படம் பிடித்து, இன்ன இடத்தில் நைந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. நைந்த இடத்தில் இருக்கிறது ஒப்பந்தம்.

புத்தகம் தவறுவதும் இந்த இடத்தில்தான். கேட்லாக்குக்குள் கடிதங்களும் குறிப்புகளும் உருப்படிகளாக வருகின்றன. ஆசிரியருக்குப் பொருட்களின் மேல் திடீரென்று நம்பிக்கை போய்விட்டது. சச்சரவு என்ன, யாருக்கு எதில் மனக்குறை என்பதைக் கடிதம் சொல்லிவிடுகிறது. அப்புறம் பக்கத்திலிருக்கும் பொருள் சாட்சியாக நிற்பதை விட்டுப் படவிளக்கம் ஆகிவிடுகிறது. இதைச் சின்னக் குறை என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. மௌனத்தை உருவமாக எடுத்துக்கொண்டவன் நடுவில் தொண்டையைக் கனைக்கக் கூடாது.

இன்னொரு குறை ஆசிரியருடையதல்ல, அவர் தேர்ந்த உருவத்தினுடையது. ஏலக் கேட்லாக்கில் சொத்து மட்டும்தான் இடம்பெற முடியும். பேரேட்டின் மறுபக்கம் வராது. கட்டாத மின்கட்டணம், ஒருவர் பெயரில் வாங்கி இருவரும் செலவழித்த கடன், வீட்டுக்காரரிடம் சிக்கிய முன்பணம்: இவற்றை யாரும் ஏலம் கேட்பதில்லை. அழகான பொருட்கள் அழகாகப் பிரிகின்றன. இந்த நியூயார்க் காதலர்களின் ரசனையைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. வங்கியில் கூட்டுக் கணக்குக்கு ஒரு வாசகம் உண்டு: இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியிருப்பவர். ஒருவர் செத்தால் என்ன செய்வது என்று அந்தப் படிவம் யோசித்திருக்கிறது. இருவருமே எஞ்சினால் என்ன என்று யோசிக்கவில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விமர்சனத்தில் இது முறையா என்று நண்பர்கள் கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டத்தைச் சேர்ந்த இருவர் பிரிந்தார்கள். மணம் செய்துகொள்ளாதவர்கள், வீட்டுக்காரரிடம் மட்டும் தம்பதி என்று சொல்லியிருந்தார்கள். வங்கிக்காரன், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னைப் பட்டியல் எழுதக் கூப்பிட்டார்கள். முழுநீளத் தாளில் நடுவே கோடு போட்டேன். அரைமணியில் எல்லாம் முடிந்தது. கேஸ் அவன் பெயரில், அவனுக்கு. பீரோ அவள் வீட்டிலிருந்து வந்தது, அவளுக்கு. கிரைண்டரை மூன்றாம் மாடியிலிருந்து இறக்க இருவருக்கும் மனமில்லை; அது வீட்டுக்காரருக்குப் போயிற்று. மிக்ஸியைக்கூட ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். விட்டுக்கொடுத்தது சண்டையைவிட மோசமாக இருந்தது.

கடைசியில் புத்தக அலமாரி. அங்கே ஒரு மொழிபெயர்ப்பு நாவல், பழைய பிரதி. ஓரங்களில் அவன் பென்சிலில் எழுதியிருந்தான். அதற்கு அடியில் அவள் பேனாவில் பதில் எழுதியிருந்தாள். சில பக்கங்களில் அதற்கும் பதில். அவன் அதைக் கையில் எடுத்தான், இரண்டு பக்கம் புரட்டினான், திரும்ப வைத்தான். எந்தப் பத்தியில் எழுதட்டும் என்று கேட்டேன்.

"நீங்களே வச்சுக்குங்க சார்" என்றாள் அவள்.

பட்டியலில் அது இல்லை. வீட்டுக்கு எடுத்துவந்து அன்று இரவே ஓரங்களை மட்டும் படித்தேன், நாவலைப் படிக்கவில்லை. ஷாப்டனைப் படித்துக்கொண்டிருந்தபோது திரும்பத் திரும்ப எனக்கு வந்த உணர்வு அந்த இரவினுடையது. முன்வரிசையில் உட்கார்ந்து விலை கேட்கிறவனின் கூச்சம். அதை ஷாப்டன் அறிந்தே வாசகனுக்குத் தருகிறார் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பிரதி இன்னமும் என்னிடம் இருக்கிறது. அவர்கள் கேட்கவில்லை, நானும் திருப்பிக் கொடுக்கவில்லை.